கொடுக்காமல் விட்ட நான்காவது படம்: பாதா ஷான்ரென் (1626-1705)

1645இல் சீன ஆண்களின் மண்டைமேல் ஒரு அரசாணை வந்து உட்கார்ந்தது. வடக்கேயிருந்து இறங்கி முந்தைய ஆண்டு பெய்ஜிங்கைப் பிடித்திருந்த மஞ்சுக்கள், ஆணாகப் பிறந்த ஒவ்வொருவனும் முன்மண்டையைச் சிரைத்துவிட்டுப் பின்னால் சடை போட்டுக்கொள்ள வேண்டும், பத்து நாள் கெடு என்று அறிவித்தார்கள். தலை வேண்டுமா, மயிர் வேண்டுமா, நீயே முடிவு செய்துகொள் என்பதுதான் ஆணையின் சாரம். அதிகாரம் உடலின்மீது தன்னை எழுதிக்கொள்கிறது என்று கோட்பாட்டு மொழியில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, அதை இவ்வளவு பச்சையாகச் செய்துகாட்டிய அரசுகள் குறைவு. ஒரு கத்தி, ஒரு நாவிதன், போதும். ஜியாங்யின், ஜியாதிங் நகரங்களில் மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள்.

இந்த ஆணையில் ஒரு ஓட்டை இருந்தது. முழுசாக மொட்டை போட்டுக்கொண்டவனுக்குச் சடை கிடையாது. அதாவது பௌத்தத் துறவிக்கு விலக்கு. ஆகவே அந்தக் காலத்தில் மடங்களுக்குள் புகுந்த மொட்டைகள் எல்லாவற்றையும் பக்திக் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒரு அடையாளத்தை மறுப்பதற்காக இன்னொரு அடையாளத்துக்குள் ஒளிந்துகொண்ட தலைகள் அதில் நிறைய. 1648இல், ஜியாங்ஷி மாகாணத்தின் நான்சாங் நகரத்தைச் சேர்ந்த ஒரு இளைஞர் அப்படி மொட்டை போட்டுக்கொண்டு மலைப்பக்கம் போனார். வயசு 22. அதே ஆண்டில் நான்சாங்கில் மஞ்சுக்களுக்கு எதிராகப் படைக்கலகம் மூண்டது. அடுத்த ஆண்டு நகரம் விழுந்து மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்த இளைஞர் ஊரில் இருக்கக்கூடாத காரணம் இன்னொன்றும் உண்டு. அவர் வீழ்ந்துபோன மிங் அரச வம்சத்தின் பிள்ளை. மிங் வம்சத்தை நிறுவிய பேரரசனின் மகன்களில் ஒருவனான நிங் இளவரசன் ஜூ ச்சுவானின் வழி வந்தவர். ஜூ தா என்று பின்னாளில் அறியப்பட்டவரும், பாதா ஷான்ரென் என்று கையெழுத்திட்டவரும் இவர்தான்.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அரசகுமாரன் அழுதால் நமக்கென்ன? நியாயமான கேள்வி. மிங் அரசு ஒன்றும் மக்கள் அரசு இல்லை. கடைசிக் காலத்தில் அரச வம்சத்தின் கிளைகள் பல பத்தாயிரக்கணக்கில் பெருகி, வேலைவெட்டி இல்லாமல் கஜானாவிலிருந்து படி வாங்கித் தின்றுகொண்டிருந்தன. பஞ்சத்தில் செத்த குடியானவன்தான் அதற்கும் வரி கட்டினான். 1644இல் பெய்ஜிங்கில் முதலில் நுழைந்து மிங் அரசை முடித்துவைத்தது மஞ்சுப்படை அல்ல, லி ஸிசெங் தலைமையில் வந்த கலகப்படை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கு மாட்டிக்கொண்டார். ஆக, மிங் விசுவாசம் என்பதை உயர்ந்த லட்சியமாகத் தூக்கிப்பிடிக்க எனக்கு உத்தேசம் இல்லை. நமக்கு முக்கியம் வேறு ஒன்று: தோற்றுப்போன ஒரு ஆள், ஜெயித்தவனின் ஊரிலேயே அறுபது வருஷம் உயிரோடிருந்து, அவனிடமே படம் விற்றுச் சாப்பிட்டுக்கொண்டு, எதைக் கொடுக்காமல் தன் கையில் வைத்துக்கொண்டார்? எப்படி வைத்துக்கொண்டார்? தோல்வி என்பது ஒருநாள் சமாச்சாரம் அல்ல, அதற்குப் பின் நீளமான வாழ்க்கை ஒன்று இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது.

மடத்து வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடலாம். சான் பௌத்தம் (ஜப்பானில் போய் ஜென் ஆனது) பயின்றார். 1653இல் முறையாகத் தீட்சை. சுவான்ச்சி என்று துறவிப் பெயர். போதகராகவும் ஆனார், அவரிடம் நூறு பேருக்குமேல் கற்றார்கள் என்று சொல்லப்படுகிறது. நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழையது 1659-60இல் வரைந்த ஓர் ஆல்பம். இப்போது தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூ, காய், கிழங்கு. கெட்டிக்காரத்தனமான படங்கள். அந்தத் துறவி அப்படியே செத்திருந்தால் ஜியாங்ஷியின் உள்ளூர் ஓவியர்களில் ஒருவராகப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்திருப்பார்.

உடைப்பு 1679-80இல் நிகழ்கிறது. அந்த நேரத்தின் அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1673இல் தெற்கில் தொடங்கிய பெரிய கலகம் ('மூன்று சிற்றரசர்களின் கலகம்' என்பார்கள்) தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1681இல் முற்றிலும் அடங்கியது. மிங் அரசு திரும்பி வரும் என்று யாராவது இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கைக்கும் அதுவே கடைசி. மறுபக்கம், பேரரசர் காங்ஷி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பரிசைக் கையில் எடுத்தார். 1679இல் சிறப்புத் தேர்வு ஒன்றை நடத்தி, ஒதுங்கி நின்ற அறிவாளிகளுக்குப் பதவி கொடுத்துக் கூப்பிட்டார். பலர் போனார்கள். வன்முறையால் வாயை மூடுவது ஒரு வகை. மரியாதை கொடுத்து வாயைத் திறக்க வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் நின்று வேலை செய்யும்.

அந்தச் சமயத்தில் நம் துறவி, லின்ச்சுவான் என்ற ஊரின் நீதிபதி ஹூ யிதாங்கின் விருந்தாளியாக இருந்தார். அங்கேதான் 'புத்தி பேதலித்தது'. நாள் முழுக்கச் சிரிப்பு, நாள் முழுக்க அழுகை. ஒருநாள் சாயங்காலம் துறவி அங்கியைக் கிழித்து நெருப்பில் போட்டுவிட்டு நான்சாங்குக்கு நடந்தே போனார். கிழிந்த செருப்பும் நீளச் சட்டையும் துணித் தொப்பியுமாகக் கடைத்தெருவில் கையை வீசிக்கொண்டு அலைய, சிறுவர்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓட, கடைசியில் அண்ணன் மகனோ தம்பி மகனோ ஒருவர் அடையாளம் கண்டு வீட்டில் வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் தன் கதவில் பெரிதாக ஒரு எழுத்தை எழுதி ஒட்டினார்: 'யா'. ஊமை என்று அர்த்தம். அன்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவரை நேரில் பார்த்து ஷாவ் சாங்ஹெங் என்ற எழுத்தாளர் எழுதிய சிறு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. சென் திங் என்பவர் எழுதிய இன்னொன்றும் இருக்கிறது. கலை வரலாற்றில் இந்த ஊமைக் கதவு ரொம்பப் பிரபலம். 'அதிகாரத்துக்கு எதிரான மௌனம்' என்று உடனே ஒரு வாக்கியம் தயாராகிவிடும். ஆனா அவசரப்படக் கூடாது. இந்த மௌனம் அவ்வளவு சுத்தமான மௌனம் இல்லை.

முதலாவது, 'யா' என்ற அதே எழுத்து சீன மொழியில் சிரிப்புச் சத்தத்தையும் குறிக்கும். நம் 'ஹஹ்ஹா' மாதிரி. கதவில் எழுதியிருந்தது 'ஊமை'யா, சிரிப்பா? ஷாவ் இந்த விளையாட்டைப் புரிந்துகொண்டுதான் எழுதுகிறார். ஊமையான பிறகு மனிதருக்குக் குடியும் சிரிப்பும் கூடிப்போயின. குடிக்கக் கூப்பிட்டால் கழுத்தைச் சுருக்கிக் கைதட்டி 'யா யா' என்று சிரிப்பார். விரல் பந்தயத்தில் ஜெயித்தால் சிரிப்பு, தொடர்ந்து தோற்றால் ஜெயித்தவன் முதுகில் ஒரு குத்து, அப்புறம் இன்னும் பெரிய சிரிப்பு. போதை ஏறியதும் அழுகை. இரண்டாவது, சென் திங் சொல்லும் தகவல்: இவருடைய அப்பாவும் ஓவியர், அவர் பிறவியிலேயே பேச முடியாதவர். அப்படியானால் ஊமைத்தனம் மகனுக்கு வந்து சேர்ந்த குடும்பச் சொத்து. இழந்த ராஜ்ஜியத்தை மீட்க முடியாத மகன் அப்பாவின் வாயை வாரிசாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது, இவருடைய முத்திரைகளில் ஒன்று, ஹான் காலத்துக் கவி சிமா ஷியாங்ருவைப்போலத் தானும் திக்குகிறவன் என்று சொல்கிறது. சிமா ஷியாங்ரு திக்குவாயர் என்பது சீனத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடம்பிலேயே ஒரு தடை இருந்ததா?

அரசியலா, குடும்பமா, உடம்பா, நடிப்பா, பைத்தியமா? ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு என்பது என் கேள்வி. உண்மையான ஒரு ஊனத்தைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்கலாம். நடிப்பாகத் தொடங்கியது நோயாக முடியலாம். ஷாவ் சாங்ஹெங் இதில் நம்மைவிட நுட்பமானவர். ஊரார் இவரைப் பைத்தியம் என்கிறார்கள், அல்லது மகான் என்கிறார்கள், இரண்டுமே இவரை மேலோட்டமாக அறிந்தவர்களின் பேச்சு என்று சொல்லிவிட்டு, ஊற்றுக்கண்ணில் பாறை உட்கார்ந்த மாதிரி, எரியும் நெருப்பின்மேல் ஈரப் பஞ்சைப் போட்ட மாதிரி ஒரு அடைப்பு இவருக்குள் இருந்தது என்கிறார். நான்சாங்கின் பெய்லான் கோயிலில் இவர்கள் சந்தித்த இரவைப் பற்றி எழுதியிருப்பது இன்னும் அருமை. ஊமையார் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்துச் சிரித்தார், பிறகு சைகை, சைகை போதவில்லை, பேச்சு அரிப்பு தாங்கவில்லை, தூரிகையை வாங்கி மேஜையின்மேலேயே எழுதிப் பதில் சொல்ல ஆரம்பித்தார். மெழுகுவத்தி அடிவரை எரிந்து தீர்ந்தும் உரையாடல் தீரவில்லை.

ஆக, இவர் பேச்சை நிறுத்தவில்லை. குரலை மட்டும் எடுத்துவிட்டார். யாரோடு, எந்த வழியில், எவ்வளவு என்பதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். (அந்த இரவைப் பதிவு செய்த ஷாவ் பின்னாளில் மஞ்சு அரசின் மாகாண ஆளுநர் ஒருவரிடம், சோங் லுவோ என்பவரிடம், இலக்கிய உதவியாளராக இருந்தவர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். எதிர்ப்பின் வரலாறும் பல சமயம் ஆட்சியாளனின் சம்பளத்தில் இருப்பவன் எழுதித்தான் நமக்கு வந்து சேர்கிறது.)

பெயர்கள் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அங்கியை எரித்த பிறகு சில வருஷங்கள் இவர் 'லூ' என்று கையெழுத்துப் போட்டார். கழுதை. சீனத்தில் துறவிகளைத் திட்டும் வசவு 'மொட்டைக் கழுதை' என்பது. வசவையே பெயராக்கிக்கொண்டார். 'கழுதை வீடு' என்றும் ஒரு கையெழுத்து உண்டு. இழிவை மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு எதிராளியின் ஆயுதத்தை மழுங்கடிக்கும் இந்த வேலை நமக்குத் தெரியாத ஒன்றல்ல. 1684 வாக்கில் வருகிறது 'பாதா ஷான்ரென்' என்ற பெயர். கடைசிவரை, இருபது வருஷத்துக்குமேல், அதுதான். 'பா' எட்டு, 'தா' பெரிய, 'ஷான்ரென்' மலைவாசி, அதாவது ஒதுங்கி வாழ்பவன். எட்டுத் திசையிலும் என்னைவிடப் பெரியவன் இல்லை என்று அவரே விளக்கியதாக ஒரு கதை. ஒரு பௌத்த சூத்திரத்தின் தலைப்பிலிருந்து வந்தது என்று இன்னொரு விளக்கம். மூன்றாவது விளக்கம் குறும்பானது. ஜூ என்ற குலப்பெயரின் எழுத்திலிருந்து 'எருது' என்ற பகுதியையும், தா என்ற பெயரின் எழுத்திலிருந்து 'காது' என்ற பகுதியையும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது 'பா', 'தா'. சீன வழக்கில் 'எருதின் காதைப் பிடிப்பது' என்றால் தலைமை தாங்குவது. அரச குலப்பெயரிலிருந்து அதிகாரத்தைக் கத்தரித்த பிறகு மிஞ்சியவன், நான்.

இந்த நாலு எழுத்தையும் மேலிருந்து கீழாகச் சேர்த்துச் சேர்த்து அவர் எழுதும் முறையில், அது 'கு ஜி' என்றும் வாசிக்கக் கிடக்கும், 'ஷியாவ் ஜி' என்றும் வாசிக்கக் கிடக்கும். முதலாவது 'இதற்காக அழு', இரண்டாவது 'இதைப் பார்த்துச் சிரி'. 18ஆம் நூற்றாண்டிலேயே ஜாங் கெங் என்ற ஓவிய வரலாற்றாசிரியர் இதைக் குறித்துவைத்து, வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். சில படங்களில் வரும் இன்னொரு புதிர்க் குறியை 'மூன்றாம் மாதம், பத்தொன்பதாம் நாள்' என்று பிரித்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி மிங் பேரரசர் தூக்கில் தொங்கிய தேதி.

குறி அவிழ்க்கும் வாசிப்பு இங்கேதான் வேகமெடுக்கிறது. அதற்குச் சீனத்தில் பழைய மரபே உண்டு. மங்கோலியர்கள் சோங் அரசை விழுங்கியபோது, ஜெங் சிஷியாவ் (1241-1318) என்பவர் ஆர்க்கிட் செடிகளை மண் இல்லாமல் வரைந்தார். வேர் இருக்கும், நிலம் இருக்காது. ஏன் என்று கேட்டால் நிலத்தைத்தான் திருடிவிட்டார்களே என்பாராம். அதே காலத்தில் சோங் அரச வம்சத்துப் பிள்ளையான ஜாவ் மெங்ஃபூ (1254-1322) குப்ளாய் கானிடம் பதவிக்குப் போனார். பெரிய ஓவியர், பெரிய எழுத்தழகியலாளர், ஆனாலும் அந்தப் பெயரின்மேல் விழுந்த கறை நூற்றாண்டுகளாகப் போகவில்லை. மிங் வம்சத்துப் பிள்ளை படம் வரைய உட்காரும்போது இந்த இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். எனவே படிமத்தைப் பிரித்துப் பார்க்கும் வாசகனும் அன்றே இருந்தான்.

1690இல் வரைந்த 'மயில்கள்' படத்தைப் பாருங்கள். மேலே பாறை இடுக்கிலிருந்து பூவும் இலையும் தொங்குகின்றன. கீழே, அடி சிறுத்து எந்த நேரமும் உருண்டுவிடும்போல நிற்கும் முட்டை மாதிரியான ஒரு கல். அதன்மேல் இரண்டு மயில். மயிலா அது? அவ்வளவு அசிங்கமான மயிலைச் சீன ஓவியம் அதற்கு முன் கண்டிருக்காது. வாலில் மூன்றே மூன்று இறகு. மஞ்சு அரசில் தொப்பியில் மயிலிறகு செருகிக்கொள்வது பதவியின் அடையாளம். ஆக, நிலையற்ற கல்லில் உட்கார்ந்து எஜமானனுக்காகக் காத்துக்கிடக்கும் பதவிப் பறவைகள். இது ஆளுநர் சோங் லுவோவைக் குத்துவது என்றுகூட ஆள் பெயர் சொல்லி வாசித்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் அந்த வாசிப்பு கிண்ணென்று பொருந்துகிறது. எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடுத்த படியில். ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்ததும் எல்லாப் படத்தையும் அதே சாவியால் குடைய ஆரம்பிக்கிறார்கள். மீன் மேல்நோக்கிப் பார்த்தால் மிங். பறவை ஒற்றைக்காலில் நின்றால் மிங். தாமரைத்தண்டு வளைந்தால் மிங். கல் சாய்ந்தால் ராஜ்ஜியம் சாய்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் தேசியவாதம் இந்த வாசிப்பைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு, சிரித்தும் குடித்தும் முதுகில் குத்தியும் திரிந்த மனிதரைத் தேசபக்தச் சிலையாக்கியது. 1959இல் நான்சாங்கின் ச்சிங்யுன்பு தாவோயிஸக் கோயிலில் இவருக்கு நினைவகம் திறந்தார்கள். அந்தக் கோயிலை நிறுவியவரே இவர்தான் என்று ரொம்ப காலம் நம்பப்பட்டது. அது வேறொரு ஆள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கதை தேவைப்படுகிறவர்களுக்கு ஆளும் கிடைத்துவிடுகிறார், கோயிலும் கிடைத்துவிடுகிறது.

இந்த வாசிப்பில் தப்பு என்னவென்றால், அவர் வேண்டுமென்றே விட்டுவைத்த இடத்தை இது நிரப்பிவிடுகிறது. ஒரு மீன் படத்தை எடுத்துக்கொள்வோம். காகிதத்தின் நடுவில் ஒரு மீன். தண்ணீர் வரையப்படவில்லை. அலை இல்லை, பாசி இல்லை, கரை இல்லை. நாலைந்து தூரிகை வீச்சில் முதுகும் செதிலும். ஈரம் உறிஞ்சும் காகிதத்தில் மை தானாகக் கசிந்து உடம்பின் கனத்தை உண்டாக்குகிறது. அப்புறம் கண். வட்டம் சரியாக வட்டமாக இருக்காது, சில சமயம் சதுரமாகவே தெரியும். கருவிழி மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே பூராவும் வெள்ளை. 3ஆம் நூற்றாண்டில் 'மூங்கில் தோப்பு எழுவர்' குழுவைச் சேர்ந்த ருவான் ஜி, பிடிக்காத ஆள் வந்தால் விழியை மேலே ஏற்றி வெள்ளையைக் காட்டுவாராம். அலட்சியத்தின் பழைய குறி. அது சரி. ஆனால் அந்த மீனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அலட்சியம் பயமாக மாறும், பயம் கேலியாக மாறும், பிறகு ஒன்றுமில்லாமல் வெறுமனே ஒரு மீனாகவும் ஆகிவிடும். தண்ணீர் இல்லையே, எப்படி நீந்துகிறது? செத்த மீனா? இல்லை, நாம் பார்க்கும் வெற்றுக் காகிதம்தான் தண்ணீரா? அப்படியானால் நாமும் அதற்குள்தான் இருக்கிறோமா? 'மீன் என்பது மிங்' என்று சொன்ன மறுகணம் இந்தக் கேள்விகள் எல்லாம் செத்துவிடும்.

வெற்றிடம் சீன ஓவியத்துக்குப் புதிதில்லை. சோங் காலத்து ஓவியர்கள் மூடுபனியாகவும் ஏரியாகவும் வெற்றிடத்தைப் பழக்கியிருந்தார்கள். ஆனால் அங்கே வெற்றிடத்துக்குப் பெயர் உண்டு. பனி என்று தெரியும், நீர் என்று தெரியும். இவருடைய வெற்றிடத்துக்குப் பெயர் இல்லை. ஒரு கோழிக்குஞ்சை நடுக்காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது, எதுவும் கிடையாது. உலகம் என்று நாம் நம்பியிருக்கும் தளவாடங்கள் எல்லாவற்றையும் ஓவியர் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த 'எடுத்துக்கொண்டு போவது' வெறும் உத்தி அல்ல, அவர் பிழைப்பு நடத்திய முறையும் அதுதான் என்பது என் வாதம். அங்கியை எரித்தபின் இவருக்கு மடமும் இல்லை, மானியமும் இல்லை. படம் விற்றுத்தான் சோறு. ஷாவ் சொல்வதைப் பார்த்தால், ஏழை வாசிப்பாளிகள், மலைக்கோயில் துறவிகள், கசாப்புக்காரர்கள், சாராயம் விற்பவர்கள் இவரைக் கூப்பிட்டுக் குடிக்கவைத்தால் போதும், போதையில் பக்கம் பக்கமாக வரைந்து தள்ளுவார். பணக்காரன் பொன்னை வைத்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஒருவன் உயர்ந்த பட்டுத்துணியைக் கொண்டுவந்து இதில் வரையுங்கள் என்றால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, காலுறை தைக்க ஆகும் என்பாராம். விளைவு, பெரிய மனிதர்களுக்கு இவர் படம் வேண்டுமென்றால் கசாப்புக்காரனிடம் போய் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது! கலைச்சந்தையைத் தலைகீழாகப் புரட்டிய காட்சி. படிக்க நமக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

ஆனா இது முழுக்கதை இல்லை. பாதாவின் கடிதங்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஃபாங் ஷிகுவான் என்ற நண்பருக்கு எழுதியவை அவற்றில் கணிசம். இந்த நண்பர், படம் வேண்டுபவர்களுக்கும் ஓவியருக்கும் நடுவில் நின்று காரியம் பார்த்தவர். நோய், மருந்து, விசிறி, படம், பாக்கி இப்படிப் போகும் கடிதங்கள். ஆக, மகானுக்கும் தரகர் இருந்தார். வாங்கியவர்களில் மஞ்சு அரசின் அதிகாரிகளும் உண்டு. இதைக் கண்டுபிடித்ததும் சில ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரே குதூகலம்: பார்த்தீர்களா, எதிர்ப்பாவது ஒன்றாவது, எல்லாம் வியாபாரம்தான் என்று. இதுவும் இன்னொரு பூட்டு-சாவி.

அந்தக் கடிதங்களில் ஒன்று சொல்கிறது: உள்ளூர் நீதிபதி நண்பர் மூலமாக நாலு படம் கேட்டிருந்தார். பாதா மூன்றை அனுப்புகிறார். அதற்கு விளக்கம் வேறு. ஜியாங்ஷிக்காரர்கள் ரசனை கெட்டவர்கள், சுவரில் படம் மாட்டினால் நாலாகத்தான் மாட்டுவார்கள், ஒன்று இளவேனில்-கோடை-இலையுதிர்-குளிர் என்று நாலு பருவம், இல்லாவிட்டால் மீனவன்-விறகுவெட்டி-உழவன்-படிப்பாளி என்று நாலு தொழில், இப்படி ஊரில் ஒரு கேலி இருக்கிறதாம். அந்த மலிவான வழக்கத்தை உடைப்பதற்காக உங்களுக்கென்று விசேஷமாக மூன்று அனுப்புகிறேன், எப்படி என்று கேட்கிறார்.

பாதாவின் அரசியல் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் மிங் வரலாற்றை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். அதிகாரி கேட்டான், கொடுத்தார். முடியாது என்று சொல்லிச் சிறைக்குப் போகவில்லை. கேட்டபடியும் கொடுக்கவில்லை. முக்கால் பங்கு சரணாகதி, கால் பங்கு மறுப்பு. அந்தக் கால் பங்கையும் சிரித்துக்கொண்டு, மரியாதை குறையாமல், உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லிக் கையில் வைத்துக்கொண்டார். நீதிபதி வீட்டுச் சுவரில் நாலாவது படத்தின் இடம் காலியாக இருந்திருக்கும். அந்தக் காலி இடமும் மீனைச் சுற்றியிருக்கும் காலி இடமும் ஒரே கை விட்டது. கதவில் குரலை எடுத்தார், பெயரில் எருதையும் காதையும் எடுத்தார், மீனிடமிருந்து தண்ணீரை எடுத்தார், நீதிபதியிடமிருந்து ஒரு படத்தை எடுத்தார்.

கால் பங்கு மறுப்பு போதுமா என்று கேட்கலாம். ஜியாங்யினில் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு முன்னால் வைத்தால் போதாதுதான். எனக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் முழு மறுப்பு தோற்று முடிந்த இடத்தில் இவர் தொடங்குகிறார் என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

'முலாம்பழமும் நிலவும்' என்று அறியப்படும் 1689ஆம் ஆண்டுப் படம் என்னை இந்த விஷயத்தில் ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்துவருகிறது. பெரிய வட்டமாக நிலா, அதன்மேல் பட்டும் படாமலும் ஒரு முலாம்பழம். அவ்வளவுதான். இலையுதிர்கால நடுவில் வரும் நிலாப் பண்டிகைக்குச் சீனர்கள் வட்டமான நிலாப்பலகாரம் செய்து தின்பார்கள். மங்கோலிய ஆட்சிக்கு எதிரான கலகத்துக்கு நாள் குறித்துத் துண்டுச்சீட்டை இந்தப் பலகாரத்துக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பினார்கள் என்று மக்கள் கதை ஒன்று உண்டு. ஆக நிலாப்பலகாரம் என்றால் அந்நியனை விரட்டிய ஞாபகம். படத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருக்கும் செய்யுள் பலகாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பழம் பழுக்கும் காலம் 'கழுதை வருஷம்' என்று முடிகிறது. சீன ஆண்டுச் சுழற்சியில் எலி, எருது, புலி என்று பன்னிரண்டு பிராணிகள். கழுதை கிடையாது. கழுதை வருஷம் என்றால் என்றைக்கும் வராத வருஷம்.

இதையும் விசுவாசிகள் 'மீட்சிக்கான ஏக்கம்' என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கழுதை என்பது அவருடைய சொந்தக் கையெழுத்து ஆயிற்றே. வராது என்று தெரிந்த வருஷத்துக்குத் தன் பெயரை வைத்துவிட்டு, அதற்காகக் காத்திருக்கிறேன் என்கிறார். காத்திருப்பவர்களைக் கேலி செய்கிறார். காத்திருப்பதை நிறுத்தவும் மறுக்கிறார். அழு என்றும் சிரி என்றும் ஒரே கோட்டில் வாசிக்கக் கிடக்கும் அந்தக் கையெழுத்தின் அர்த்தம் இந்தப் படத்துக்குமுன் வேறு மாதிரி ஆகிறது. இரண்டில் எது என்று கேட்பதற்கு இங்கே வழியே இல்லை.

கடைசிப் பத்து வருஷங்களில் கை இளகுகிறது. 1697இல், எழுபதைத் தாண்டிய வயதில், நாலு மாதம் உட்கார்ந்து 'ஆற்றின்மேல் பூக்கள்' என்ற சுருளை வரைந்தார். கிட்டத்தட்ட 13 மீட்டர் நீளம். தியான்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாமரைக் காடாகத் தொடங்கிப் பாறையும் மூங்கிலுமாகப் போய் முடியும் அதில் பழைய முறைப்பு இல்லை. நிலக்காட்சிகளும் இந்தக் காலத்தில் நிறைய வருகின்றன. தோங் ச்சிசாங்கிடமிருந்து (1555-1636) கற்ற மலை, மரம். ஆனால் ஆள் இல்லாத மலை. அப்படி ஒரு படத்தில் எழுதிய செய்யுளில், மங்கோலியர் ஆண்ட காலத்தில் வாழ்ந்த ஹுவாங் கோங்வாங் கடைசிவரை சோங் நாட்டின் மலையையும் ஆற்றையும்தான் வரைந்துகொண்டிருந்தார் என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு மிங் வாரிசு இருந்தார். ஷிதாவ். 1642இல் தெற்கே குய்லினில் இருந்த மிங் கிளையில் பிறந்து, சின்ன வயதிலேயே காப்பாற்றித் துறவியாக வளர்க்கப்பட்டவர். பாதாவுக்கு நிகரான ஓவியர். இவர் போன வழி வேறு. காங்ஷி பேரரசர் தெற்கே சுற்றுப்பயணம் வந்தபோது 1684இலும் 1689இலும் வரவேற்கும் கூட்டத்தில் போய் நின்றார். புகழ்ந்து செய்யுளும் எழுதினார். 1690 தொடங்கிச் சில வருஷம் பெய்ஜிங்கில் மஞ்சுப் பிரபுக்களின் விருந்தாளியாக இருந்து பார்த்தார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. யாங்சோவுக்குத் திரும்பி, துறவறத்தையும் விட்டுவிட்டு, தொழில்முறை ஓவியராகக் குடியேறினார். இவரைத் துரோகி என்று எழுதுவது சுலபம். குழந்தையாக இருந்தபோது விழுந்துவிட்ட ஒரு ராஜ்ஜியத்துக்கு அவர் எந்தக் கணக்கில் கடன்பட்டவர் என்று எனக்குத் தெரியவில்லை.

1690களின் கடைசியில் யாங்சோவிலிருந்து ஷிதாவ் நான்சாங் கிழவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிரதிகளும் போலிகளும் நிறைய. இருபதாம் நூற்றாண்டின் பேர்போன போலித்தயாரிப்பாளரும் நல்ல ஓவியருமான ஜாங் தாச்சியான் (1899-1983) இந்த இருவர் பெயரிலும் சளைக்காமல் வரைந்து தள்ளியவர். மூலக் கடிதம் என்று பெரும்பாலோர் ஒப்புவது அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் புது வீட்டுக்குப் படம் ஒன்று வரைந்து தரும்படி கேட்கிறார் ஷிதாவ். சிறிய படம் போதும்; மேட்டின்மேல் பழைய வீடு ஒன்று, நாலைந்து கிழட்டு மரம், மேலறையில் ஒரு கிழவன்; மற்றதெல்லாம் வெறுமையாக இருக்கட்டும் என்கிறார். படத்தில் இடம் மிஞ்சினால் ஏதாவது எழுதிக் கொடுங்கள், ஆனால் என்னைத் துறவி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இப்போது எனக்குத் தலையில் முடி இருக்கிறது, தொப்பி போட்டுக்கொள்கிறேன் என்றும் கேட்டுக்கொள்கிறார்.